அணைக்குள் எத்தனை மீன்?

திருப்பூரில் டிடிஎஸ் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாய ஆலை லேபில் நிற்கும் பையனுக்குத் தெரியும். போர் தண்ணீர் உப்பாகிப் போனதால் கேன் வாங்கிக் குடிக்கும் லைன் வீட்டு அம்மாவுக்கும் தெரியும். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று சொல்லும் அந்த ஒற்றை எண்ணால் இந்த ஊர் வழக்குகளைச் சந்தித்திருக்கிறது, ஆலைகளைப் பூட்டியிருக்கிறது, கோடிக்கணக்கில் கடன் வாங்கிச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டியிருக்கிறது. ஆற்றில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்ற விதி பிறகு ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்று இறுகிய கதையை இங்கே டீக்கடையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இதே எண்ணை மீன் படித்தவர்கள் வேறு விதமாக வாசித்தார்கள். 1965இல் கனடாவின் ரிச்சர்ட் ரைடர் ஒரு கணக்குச் சொன்னார். ஏரித் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை ஏரியின் சராசரி ஆழத்தால் வகுத்துப் பாருங்கள், அந்த ஏரி ஆண்டுக்கு எவ்வளவு மீன் தரும் என்பது தோராயமாகத் தெரியும் என்றார். தண்ணீரில் தாதுச்சத்து இருந்தால் பாசி வளரும், பாசியைத் தின்று நுண்ணுயிர் பெருகும், அதைத் தின்று மீன் வளரும். ஆழம் குறைவாக இருந்தால் வெயில் அடிவரை இறங்கும். ஆக, உப்பு கூடினால் மீன் கூடும். சாயப்பட்டறைக்காரர் காதில் இது தேனாகப் பாயும்!

ஆனால் நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. 1992இல் கட்டி முடித்த அணை அது. ஈரோடு, கரூர் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்க வந்தது, சில ஆண்டுகளிலேயே திருப்பூரின் கழிவுத் தொட்டியாகிவிட்டது. அணையைத் திறந்துவிடு என்று போராடும் விவசாயிகளைத்தான் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. திறக்காதே என்று போராடியவர்களை இங்கேதான் பார்த்தது. அந்தத் தண்ணீரின் டிடிஎஸ்ஸை ரைடரின் கணக்கில் போட்டிருந்தால், இந்தியாவிலேயே வளமான மீன் பண்ணை ஒரத்துப்பாளையம்தான் என்று விடை வந்திருக்கும். கணக்கில் பிழை இல்லை. வடக்கத்திக் குளிர்நாட்டு ஏரிகளுக்காகப் போட்ட கணக்கு அது. சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டும் ஊர் ஒன்று இருக்கும் என்று ரைடர் எப்படி நினைத்திருப்பார்? 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது, எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. எண் சரியாக இருந்தும் அதன் பொருள் தப்பாகப் போகலாம் என்பதற்கு இதைவிடச் செலவு பிடித்த பாடம் இந்த மாவட்டத்துக்குத் தேவையில்லை.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் உண்டு. மீன் வளர்ப்புக்கும் மீன்பிடிப்புக்கும் முடிவெடுக்க உதவும் கருவிகள் என்று ஒரு பெரிய சந்தை திறந்திருக்கிறது. செல்போன் செயலி, குளத்தில் மிதக்கும் சென்சார், செயற்கைக்கோள் படம், நாளைக்கு எவ்வளவு தீவனம் என்று சொல்லும் மென்பொருள். விற்க வருபவர்கள் உடுமலை, தாராபுரம் பக்கத்துப் பண்ணைக் குட்டை வரை வந்துவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் எந்த முடிவை எடுக்க இந்தக் கருவி என்று திருப்பிக் கேட்டால், பலரிடம் தெளிவான பதில் கிடைப்பதில்லை. அளந்து காட்டுவது வேறு. என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது வேறு.

ஆழியாறு போட்ட கணக்கு

கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல் நடந்த ஒரு நல்ல உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பொள்ளாச்சிக்கு மேலே, பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் ஆழியாறு அணை. சுமார் 650 ஹெக்டேர் பரப்பு. 1964–65இல் அந்த அணையில் பிடித்த மீன் மொத்தமே 1.67 டன். அதற்குப் பிறகு குஞ்சு விடாமல் இல்லை. ஒரு வருடம் ஹெக்டேருக்கு 500, இன்னொரு வருடம் 2,500 என்று கைக்கு வந்தபடி விட்டார்கள். மெதுவாக வளரும் உள்ளூர்க் கெண்டை வகைகளையும் சேர்த்து விட்டார்கள். குஞ்சு விட்ட எண்ணிக்கை கூடினால் வேலை நடந்ததாக அர்த்தம். அறிக்கையில் அழகாக இருக்கும்.

1980களில் மேற்கு வங்கத்துப் பாரக்பூரிலுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் வந்து வேறு கணக்குப் போட்டார்கள். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகளை மட்டும் விடு. குஞ்சு 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். ஹெக்டேருக்கு 300க்கு மேல் வேண்டாம். ஒரே நாளில் கொட்டாமல் தவணையாக விடு. வலைக்கண் அளவைக் கண்டிப்பாகப் பார். ஒரு கிலோவுக்குக் குறைந்த பெருங்கெண்டை வலையில் வந்தால் எடுக்கக் கூடாது. இவ்வளவுதான். 1990இல் ஆழியாறில் ஹெக்டேருக்கு 194 கிலோ மீன் கிடைத்தது. மீன்வள விஞ்ஞானி வி.வி. சுகுணன் 1995இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்புக்காக எழுதிய இந்திய நீர்த்தேக்க மீன்வளம் பற்றிய அறிக்கையில் இது பதிவாகியிருக்கிறது. அதே அறிக்கையில் இந்தியாவின் சிறிய நீர்த்தேக்கங்களின் சராசரி ஹெக்டேருக்கு 50 கிலோவைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. நடுத்தர, பெரிய நீர்த்தேக்கங்களில் 12 கிலோவை ஒட்டித்தான்.

குறைத்து விட்டதால் எப்படிக் கூடியது? மாயம் ஒன்றும் இல்லை. கூட்டல் வகுத்தல்தான், நம் ஆட்கள் டஜன் கணக்கில் மனதிலேயே போடுவது. அணை ஹெக்டேருக்கு 200 கிலோ மீன் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீன் ஒரு கிலோவாக வளர்ந்த பிறகுதான் பிடிப்போம். அப்படியானால் கரைக்கு வர வேண்டியது 200 மீன். பெரிய குஞ்சாக விட்டால் நூற்றுக்கு 60 பிழைக்கும் என்றால், விட வேண்டியது 333. சிறு குஞ்சாக விட்டு நூற்றுக்குப் பத்துதான் பிழைக்கும் என்றால் 2,000 விட வேண்டும்; மீதி 1,800 அணையிலிருக்கும் விரால், வாளைகளுக்கு அரசாங்கம் போட்ட சாப்பாடு. பெல்ஜியத்து மீன் அறிஞர் மார்செல் ஹுவெட் போட்ட சூத்திரத்தின் சாரமும் இதுதான். பெரிய குஞ்சு வளர்க்கச் செலவு அதிகம். ஆனால் பிழைக்கும் மீனுக்குக் கணக்குப் பார்த்தால் மலிவு. நூலில் காசை மிச்சம் பிடித்து, துணி ரிஜெக்ட் ஆகி நஷ்டப்பட்டவர்களுக்கு இது உடனே புரியும்.

ஆழியாறு எடுத்த முடிவுகள் ஆறும் ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்கும். ஆனால் அந்த ஒரு பக்கத்துக்குப் பின்னால் ஒரு நோட்டு இருந்தது: எந்தத் தேதியில் எந்த அளவில் எத்தனை குஞ்சு விட்டோம், எத்தனை வலை இறங்கியது, எந்த மீன் எத்தனை கிலோ வந்தது. அந்த நோட்டு இல்லாவிட்டால் 194 என்ற எண்ணும் இல்லை. அந்த வெற்றியை நாம் பேசிக்கொண்டிருக்கவும் முடியாது.

அமராவதிக்கு அது பொருந்துமா?

திருப்பூர் மாவட்டத்தின் பெரிய மீன் அணை அமராவதி. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, ஆனைமலை அடிவாரத்தில், 1950களின் கடைசியில் கட்டியது. 90 அடி உயரம், 4 டிஎம்சி கொள்ளளவு. பாம்பாறு, சின்னாறு, தேனாறு மூன்றும் வந்து சேர்கின்றன. தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் இங்கே மீன்பிடிப்பைப் பார்த்துக்கொள்கிறது. அணைக்குப் போனவர்கள் பரிசலையும் கரையோர மீன் வறுவல் கடைகளையும் மறக்க மாட்டார்கள். முதலையையும்தான்; மக்கர் முதலைகள் இங்கே இயற்கையாகவே உண்டு, பக்கத்தில் முதலைப் பண்ணையும் உண்டு. வலையில் மாட்டிய மீனை முதலை வந்து கிழித்துக்கொண்டு போவதை எந்தச் செயலியும் தன் கணக்கில் சேர்ப்பதாகத் தெரியவில்லை.

ஆழியாறு விதிகளை அப்படியே தூக்கி வந்து அமராவதியில் வைக்க முடியாது. முதல் தடை ஜிலேபி. 1952இல் இந்தியாவுக்குள் வந்த இந்த மீனுக்கு யாரும் குஞ்சு விட வேண்டியதில்லை. அது தானே கூடு கட்டி, வாயிலேயே முட்டையை அடைகாத்து, கணக்கில்லாமல் பெருகும். அமராவதி நெடுங்காலமாக ஜிலேபி அணை என்றே பேர் வாங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஹெக்டேருக்கு 300 கெண்டை என்று கணக்குப் போடும்போது, தாங்கும் கொள்ளளவில் ஜிலேபி ஏற்கெனவே எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று கழிக்க வேண்டும். இரண்டாவது தடை, அணை நிலையாக நிற்பதில்லை. தென்மேற்குப் பருவமழையில் நிரம்பி வழியும். கோடையில் சேறு தெரியும். வழியும் நேரத்தில் குஞ்சு விட்டால் மதகு வழியாகவே போய்விடும். நிரம்பிய அணைக்கு விட்ட குஞ்சு, கோடையில் கால்வாசித் தண்ணீரில் நெருக்கியடித்து நிற்கும். எனவே எத்தனை விடலாம் என்ற கணக்கை நிரம்பிய அணையை வைத்துப் போடக் கூடாது. கோடையில் எஞ்சும் தண்ணீரை வைத்துப் போட வேண்டும்.

இதற்கு வேண்டிய எண் ஒவ்வொரு நாளும் நம் கையில் இருக்கிறது. காலை நாளிதழின் மூலையில் அணை நீர்மட்டம் வருகிறதே, அதுதான். பல ஆண்டு நீர்மட்டத்தை எடுத்து, குஞ்சு விட்ட தேதிகளோடும் பிடித்த மீனோடும் ஒரே தாளில் வரைந்து பார்த்தால், எந்த மாதம் விட்ட குஞ்சு கரைக்கு வந்தது என்பது கண்ணுக்கே தெரியும். இதற்கு சென்சார் வேண்டாம். கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் பிள்ளைகள் ஒரு பருவத்தில் முடித்துவிடுவார்கள்.

குட்டைக்காரரின் நாலு மணி

அணைக்காரருக்கு முடிவெடுக்க மாதங்கள் இருக்கின்றன. குட்டைக்காரருக்குச் சில மணி நேரம்தான்.

உடுமலை, மடத்துக்குளம், குண்டடம் பக்கம் தென்னந்தோப்புகளில் பாலித்தீன் விரித்த பண்ணைக் குட்டைகள் நிறைய வந்துவிட்டன. சொட்டுநீருக்குத் தேக்கிய தண்ணீரில் மீனும் விட்டால் என்ன என்று தொடங்கியவர்கள் அவர்கள். மீன்வளத்துறையின் மானியமும் வந்தது. 2020 செப்டம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். கொரோனாவில் கம்பெனி மூடியபோது ஊருக்குத் திரும்பிய இளைஞர்கள் சிலர் இந்த மானியத்தில், இடைவிடாமல் காற்று ஊதி நெருக்கமாக மீன் வளர்க்கும் பயோபிளாக் தொட்டி போட்டார்கள். யூடியூப் பார்த்துப் போட்ட தொட்டிகளில் பல இன்று துணி காயப்போடும் இடம். பயோபிளாக்கில் காற்று ஒரு மணி நேரம் நின்றால் மீன் செத்து மிதக்கும். மின்தடை வரும் ஊரில் அதற்கு முதலில் வாங்க வேண்டியது ஜெனரேட்டர். செயலி அப்புறம்.

சாதாரணக் குட்டையிலும் ஆபத்து விடியற்காலையில்தான். பகலில் பாசி ஆக்சிஜன் விடும். இரவு முழுக்க பாசியும் மீனும் சேர்ந்து அதை உறிஞ்சும். விடியும் முன் தண்ணீரில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு வந்துவிடும். கெண்டைக்கு லிட்டருக்கு 4, 5 மில்லிகிராம் வேண்டும். அதற்குக் கீழே போனால் தீவனம் தின்னாது. இன்னும் கீழே போனால் வாயைத் திறந்தபடி மேலே வரும். "மீனு மேல வந்துருச்சுங்க" என்று போன் வரும்போது பாதி முடிந்துவிட்டது என்று அர்த்தம். முந்தின நாள் சாயங்காலமே இதை ஊகிக்கலாம். மேகம் மூடிய நாள், தண்ணீர் கரும்பச்சை, காற்றில்லாத இரவு, தீவனம் அதிகமாகப் போட்ட நாள் என இந்த நாலும் ஒன்றாக வந்தால் ஏரேட்டரை நள்ளிரவுக்கே ஓட்ட வேண்டும். ஆந்திராவில் விஜயவாடாவைச் சேர்ந்த எருவாகா போன்ற நிறுவனங்கள் இறால் குளத்தில் சென்சாரை மிதக்கவிட்டு, ஆக்சிஜன் குறைந்தால் போனுக்குச் செய்தி அனுப்பும் கருவிகளைச் செய்தன. இறால் விலைக்கு அது கட்டும். அரை ஏக்கர் கெண்டைக் குட்டைக்குக் கட்டுமா என்பது சந்தேகம்தான். வெள்ளை கறுப்புப் பூசிய ஒரு தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கி, எத்தனை சென்டிமீட்டரில் மறைகிறது என்று பார்ப்பது பழைய வழி. 25க்கும் 40க்கும் நடுவே மறைந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். தட்டின் விலை இரண்டு டீயும் வடையும்.

சென்சார் வாங்கியவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். சாய லேபில் பிஹெச் மீட்டரை 4, 7, 9.2 பஃபர் கரைசலில் சரிபார்க்காமல் யாரும் ஷேடு போட மாட்டார்கள். குட்டையில் மிதக்கும் சென்சாரில் ஒரு வாரத்தில் பாசி படர்ந்துவிடும். துடைக்காத சென்சார் நேற்றைய பொய்யை இன்றும் சொல்லும்.

தீவனக் கணக்கு இதைவிட வேடிக்கை. குளத்து மீனின் மொத்த எடையில் நாளுக்கு இரண்டு சதவீதம் என்று வைத்தால், ஒரு டன் மீனுக்கு 20 கிலோ. செயலி அதை நொடியில் சொல்லிவிடும். ஆனால் ஒரு டன் இருக்கிறது என்று செயலிக்குச் சொன்னது யார்? பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீச்சுவலை போட்டு எடை பார்க்க வேண்டும். தீவனம் போடும் மூலையிலேயே வலை வீசினால் முந்தி ஓடி வரும் கொழுத்த மீன்தான் கிடைக்கும். சராசரி ஏறிவிடும், தீவனமும் ஏறிவிடும். ஏ.க்யூ.எல். 2.5 என்று கார்ட்டன்களை எடுத்துத் தணிக்கை செய்யும் ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே அடுக்கிய கார்ட்டனை மட்டும் திறந்து பார்க்கும் செக்கரை எந்த பையர் ஏற்றுக்கொள்வார்? குளத்தின் நாலு மூலையிலும் வலை விழ வேண்டும். நீர்க்காகம் தின்ற கணக்கையும் கழிக்க வேண்டும். பறவைகள் கூடும் நஞ்சராயன் குளம் 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது திருப்பூருக்குப் பெருமை. பக்கத்துக் குட்டைக்காரருக்கு அது பறவைகளைத் தடுக்க வலை விரிக்கும் செலவு.

சனிக்கிழமை சம்பளம்

இந்தக் கருவிகளையெல்லாம் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்று. எல்லாமே குளத்துக்குள் பார்க்கின்றன. திருப்பூரில் பாதி முடிவு குளத்துக்கு வெளியே நடக்கிறது.

பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை மீன் கடையில் கூட்டம். ஒடிசா, மேற்கு வங்கம், பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் இந்த ஊர்ச் சந்தையையே மாற்றிவிட்டார்கள். கடல் மீனைவிட ரோகுவும் கட்லாவும்தான் அவர்கள் வீட்டு ருசி. அதுவும் துள்ளத் துள்ள வேண்டும். ஆக, வலை இழுக்க வேண்டியது சனி இரவு. புதன்கிழமை இழுத்த மீனை ஐஸ் போட்டு விற்றால் விலை இறங்கும். வலை இழுப்பதற்கு ஒரு நாள் முன்பே தீவனத்தை நிறுத்திவிட வேண்டும். வயிறு காலியான மீன்தான் வண்டியில் உயிரோடு வரும். தீபாவளிக்கும் சத் பூஜைக்கும் அவர்கள் ஊருக்குப் போய்விட்டால் கடை காலி. வெளிநாட்டு ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்ற மாதங்களில் மீன் விலையும் தள்ளாடும்.

இன்னொரு தேதியும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடல் மீன் வரத்துக் குறையும். குளத்து மீனுக்கு மரியாதை கூடும். ஆனால் அதே நேரத்தில்தான் நம் குட்டைகள் வற்றிக் கிடக்கும். திருமூர்த்தி அணையிலிருந்து பரம்பிக்குளம் ஆழியாறு திட்ட (பிஏபி) வாய்க்காலில் நான்கு மண்டலங்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். தன் மண்டலத்துக்கு எப்போது முறை வரும் என்று தெரிந்தவர், தடைக்காலத்தில் ஒரு கிலோ மீன் கையில் இருக்கும்படி பின்னோக்கி எண்ணிக் குஞ்சு விடலாம். மண்டல முறை, தடைக்காலம், சம்பள நாள் ஆகிய மூன்றையும் ஒரே காலண்டரில் காட்டும் செயலியை யாராவது செய்தால், நான் முதல் ஆளாக இறக்கிக்கொள்கிறேன்.

கடலுக்கு இந்தியாவில் நல்ல கருவி இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ், செயற்கைக்கோள் வழியாகக் கடலின் வெப்பத்தையும் பாசி நிறத்தையும் பார்த்து, மீன் கூடும் இடம் இதுவாக இருக்கலாம் என்று மீனவர்களுக்குத் தமிழிலும் சொல்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலி அலை உயரத்தையும் காற்றையும் சொல்கிறது. டீசல் மிச்சம், உயிர் மிச்சம். ஆனால் கவனிக்க வேண்டும்: இவை மீன் எங்கே இருக்கிறது என்று சொல்பவை. எவ்வளவு பிடித்தால் போதும் என்று சொல்பவை அல்ல. அந்த இரண்டாவது கேள்விக்குக் கடலில் நம்மிடம் உள்ள பெரிய பதில் அந்த 61 நாள்தான். அது ஒரு செயலி இல்லை, ஒரு தேதி. அதுவும் முடிவுக் கருவிதான்.

ஆழியாறின் ஆறு விதிகளும் அப்படிப்பட்டவையே. அவற்றைப் போட வைத்த நோட்டுதான் நமக்கு வேண்டும். அமராவதியிலும் திருமூர்த்தியிலும் குஞ்சு விட்ட தேதி, அளவு, எண்ணிக்கை, வாரா வாரம் பிடித்த மீன் வகை வாரியாக: இந்த நாலு வரியை மீன்வளத்துறையும் மீன்வளர்ச்சிக் கழகமும் பொதுவில் போட வேண்டும். இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை, புதுத் திட்டமும் தேவையில்லை. காலையில் நாளிதழ் மூலையில் அமராவதி நீர்மட்டம் இத்தனை அடி என்று வருகிறது அல்லவா? அதற்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறது.